வேட்டியைப் பிடித்திருந்த கை

போடிமெட்டுச் சாலையில் ஜீப்புக்குப் பின்னால் தொங்கிக்கொண்டு போன கிளீனர் நான். ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. இன்றைக்கு மலையில் எனக்கு ஏலக்காய்த் தோட்டம் இருக்கிறது. காய் உலர்த்த சொந்த ஸ்டோர் இருக்கிறது. பாறைதான் என்று கிணறு வெட்டுகிறவர்களே கடப்பாரையைப் போட்டுவிட்டுப் போன இடத்தில் தண்ணீர் கண்டேன். போடியில் காய் தரம் பிரிக்கிற கிட்டங்கி, அதை ஒட்டி மாடி வைத்த வீடு. வங்கிக்காரர் முதல் தடவை என்னை நிற்க வைத்துப் பேசினார். பிறகு ஒரு நாள் அவரே வீடு தேடி வந்து காப்பி குடித்தார். பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைத்தால், ஆமாம், பெருமைக்குத்தான் சொல்கிறேன். செய்தவன் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

ஆனால் இந்த வரிசையில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. அது ஒரு பெண்ணின் சம்பளம். அதை எட்டிப் பிடித்தவள் அவள்தான், மறுக்கவில்லை. அதில் என் கையும் இருந்தது என்பதை யாரும் சொல்லக் காணோம். அதற்காகத்தான் எழுதுகிறேன். என் மாடியில் குடியிருந்தவள். கிட்டங்கிப் பெண்கள் 'மாடியக்கா' என்பார்கள். அந்தப் பேரே இருக்கட்டும்.

பக்கத்தில் தேவாரம் ஊர்க்காரி. அவள் அப்பா எனக்குத் தம்பி முறை. அதனால் நான் பெரியப்பா. புருசன் மலைக்கு மேலே கேரளாப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் சூப்பர்வைசர். திங்கட்கிழமை ஜீப்பில் ஏறினால் சனிக்கிழமைதான் இறங்குவார். இவளுக்குக் கம்ப்யூட்டர் வேலை. கம்பெனி பெங்களூரில், வேலை என் மாடியில். வீடு பார்க்க வருகிறவர்கள் முதலில் தண்ணீரைப் பற்றித்தான் கேட்பார்கள். அவள் கேட்டது வேறு.

"நெட்டு நிக்காம வருமா பெரியப்பா?"

"மழைக்கு மரம் சாஞ்சா நிக்கும். கம்பி அந்தப் பக்கந்தான் வருது."

"வருசத்துக்கு எத்தனை மரம் சாயும்?"

மரத்தை எண்ணவா நான் போடியில் உட்கார்ந்திருக்கிறேன்? சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. பதில் வரும் என்று நின்றுகொண்டே இருந்தாள்.

சாமான்கள் அட்டைப்பெட்டிகளில் வந்தன. குக்கரும் தட்டும் படுக்கையும் கம்ப்யூட்டரும் வெளியே வந்தன. மற்றதெல்லாம் ஒட்டிய டேப்போடு கூடத்தில் என் தோள் உயரத்துக்கு நின்றது. தீபாவளி போய்ப் பொங்கலும் போனது, பெட்டிகள் அசையவில்லை. ஒரு நாள் என் வீட்டுக்காரி மீன்குழம்பு கொடுக்கப் போய்விட்டுத் திரும்பி வந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏங்க, மேல இருக்கது குடும்பமா, லாரி ஆபீசா? உக்காருங்கன்னு அட்டைப்பெட்டியக் காட்டுது அந்தப் புள்ள."

நானே கேட்டுவிட்டேன். "ஏத்தா, பிரிச்சு அடுக்குனா என்ன?"

"இது நிக்கிற எடம் இல்லே பெரியப்பா, மாறுற எடம். தேவாரத்துலருந்து மதுரைக்குப் போறவ தேனியில எறங்கிப் பாயை விரிப்பாளா?"

"பாயை விரிக்க மாட்டா. ஒரு டீயாவது குடிப்பா."

"டீக்கு நின்னா பஸ்சு போயிரும்."

அந்தப் பெண் முழுக்க அந்தப் பதிலில் இருந்தாள். அவள் எந்த டீயையும் உட்கார்ந்து குடித்து நான் பார்த்ததில்லை.

மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டே ஒரு சாயங்காலம் அவளாகச் சொன்னாள். படிப்பு முடித்து முதல் வேலைக்குப் போனபோது நான்கு பெண்கள் ஒரே வரிசையில் உட்கார்ந்தவர்களாம். பிள்ளை பிறந்தது, மாமியார் படுக்கையில் விழுந்தார், இவள் வேலையை விட்டாள். திரும்பிப் போனபோது, இடையில் சும்மா இருந்தவள் என்று ஒருத்தரும் சேர்க்கவில்லை. கடைசியில் ஒரு சின்னக் கம்பெனி சேர்த்துக்கொண்டது, புதிதாகப் படித்து வருகிறவர்களுக்குக் கொடுக்கிற சம்பளத்துக்கு. மற்ற மூன்று பேரும் அதற்குள் எவ்வளவோ மேலே போய்விட்டார்கள்.

"அவங்க எடத்தைப் புடிக்கணும் பெரியப்பா. மனசுல ஒரு சம்பளத் தொகை வச்சிருக்கேன். நாப்பத்தஞ்சு வயசுக்குள்ள."

"அப்ப நேரா அங்க போயி வேலையக் கேளு."

"நேரா விட மாட்டாங்க. இப்ப இருக்கிற எடத்துல மத்தவங்க எழுதுன புரோகிராமைச் சரி பாக்குற வேலை. அடுத்த எடத்துல கிளவுடு கத்துக்கணும், ஆளுகளை வச்சு நடத்தணும். ரெண்டும் கையில இருந்தாத்தான் கடைசி எடத்துல கதவைத் தொறப்பாங்க. எது கத்துக்க வந்தேனோ அது முடிஞ்ச அன்னிக்கே கெளம்பிறணும்."

தொகையையும் சொன்னாள். அதை இங்கே எழுத மாட்டேன், அது அவள் சோலி. நல்ல காய்ப்பு வருசத்தில் பெரிய தோட்டக்காரன்கூட வாய்விட்டுச் சொல்லத் தயங்குகிற தொகை என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

"அந்தக் கடைசி எடத்துக்குப் போயிட்டா?" என்று கேட்டேன்.

குரங்கணிப் பக்கம் மலையைப் பார்த்தாள். "அன்னிக்குப் பெட்டியைப் பிரிப்பேன்."

திட்டம் எனக்குப் பிடித்திருந்தது. நானும் கிளீனர், டிரைவர், ஜீப்பு முதலாளி என்று அப்படி ஏறியவன்தானே. பிடிக்காதது அவள் பார்வை. மேகம் இறங்குகிறதா என்று நாங்கள் மலையைப் பார்ப்போமே, அவள் போனை அப்படிப் பார்ப்பாள். 'டிங்' என்றால் வாய்க்குப் போன கவளம் பாதியில் நிற்கும். எங்கோ ஒரு கம்பெனியில் ஆளைக் குறைத்தார்கள் என்று செய்தி வந்தால் கிட்டங்கிக்கு இறங்கி வந்துவிடுவாள். காயைப் பார்க்கிற மாதிரி கொஞ்ச நேரம் நிற்பாள். அப்படி ஒரு நாள் கேட்டாள்:

"காய் விலை விழுந்தா மொதல்ல யாரை நிறுத்துவீக பெரியப்பா?"

"சோலி தெரியாதவுகளை."

"சம்பளம் சாஸ்தி வாங்குறவுகளை இல்லியா?"

விலை விழுந்த வருசம் நான் முதலில் நிறுத்தியது சம்பளம் அதிகமான மேஸ்திரியைத்தான். அவள் என் முகத்தைப் பார்த்தே பதிலை எடுத்துக்கொண்டாள்.

"மேல ஏறணும். ஏறுனா மொத வெட்டும் எனக்குத்தான்" என்று ஏதோ மழை வரும் என்று சொல்கிற மாதிரிச் சொல்லிவிட்டு மாடிக்குப் போனாள். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. என் சம்பளமா, என் பிள்ளையா? இருந்தாலும் இறங்கவில்லை.

இன்டர்வியூவுக்கு என் கிட்டங்கிதான் அவளுக்கு ஆபீஸ். மாடி ரோட்டைப் பார்த்தது. ஜீப்பு ஹாரன், மைக்செட்டு, அவள் பிள்ளையின் கூச்சல். கிட்டங்கியில் சாக்கு அடுக்கியிருப்பதால் சத்தம் எதிரொலிக்காது. அதைக் கண்டுபிடித்தது அவள். சாக்கு தெரியக்கூடாது என்று பின்னால் வெள்ளையாக ஏதாவது கட்டச் சொன்னாள். என் சலவை வேட்டியை எடுத்துக் கயிற்றில் தொங்கவிட்டேன். அது என் யோசனை. வேலை கொடுக்கிறவன் பெங்களூரில் இருந்தாலும் அமெரிக்காவில் இருந்தாலும் அவள் தலைக்குப் பின்னால் பார்த்தது போடி வேட்டி.

அந்த நேரம் சல்லடை மெஷினை நிறுத்துவேன். முறத்தில் காய் பொறுக்குகிற பெண்கள் கையைக் கட்டி உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கு மூத்தவள் பேச்சியம்மா. பேருக்கேற்ற வாய்.

"எங்களுக்கு ஒரு நா இப்பிடி நேரம் ஒதுக்குனீகளா அய்யா? மாடியக்கா பேசுனா மெசினு நிக்குது. நாங்க பேசுனா சம்பளம் நிக்குது."

"நீ இங்கிலீசு பேசு, உனக்கும் நிறுத்துறேன்."

"எஸ்சு, நோ, தேங்க்யூ. நிறுத்துங்க பாப்போம்."

இப்படித்தான் அவளுடைய இரண்டாவது இடம் கிடைத்தது. அங்கே கற்க வேண்டியதைக் கற்றாள். ஆட்களை வைத்து வேலை வாங்கினாள். பெட்டிகள் அப்படியே இருந்தன.

பிறகு கடைசி இடம் வந்தது. அவள் சொன்ன அதே தொகைக்கு ஒரு கம்பெனி எடுத்துக்கொள்கிறேன் என்று கடிதம் அனுப்பியது. இருந்த வேலையை விடுவதாக இவளும் எழுதிக் கொடுத்துவிட்டாள். அவர்கள் வழக்கப்படி எழுதிக் கொடுத்த பிறகும் மூன்று மாதம் பழைய இடத்தில் வேலை பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். அந்த மூன்று மாதம் பழைய இடமும் அவளுக்கு இல்லை, புது இடமும் கையில் இல்லை. விற்ற சரக்கு, ஆனால் லோடு இன்னும் ஏறவில்லை. இது எனக்கு நன்றாகப் புரிந்தது. சரக்கு வாங்கியவன் எடுக்க வருவதற்குள் விலை விழுந்து, பேசியவன் போனை எடுக்காமல் போனதை நானும் பார்த்திருக்கிறேன்.

புதுக் கம்பெனியில் பேசிய பெண்ணும் போனை எடுப்பதை நிறுத்தினாள். முதலில் "மீட்டிங்கில் இருக்கிறேன்" என்று வந்ததாம். பிறகு அதுவும் வரவில்லை. மாடியக்கா மெலிந்தாள். கட்டை விரல் ஓரத்துத் தோலைப் பிய்த்துப் பிய்த்து அந்த இடம் சிவந்து கிடந்தது. சனிக்கிழமை வந்த புருசனிடம் ஒன்றும் சொல்லவில்லை. என்னிடம் வந்தாள்.

"இன்னொரு கம்பெனியில கூப்புடுறாங்க பெரியப்பா. அதே தொகை. எதுக்கும் பேசி வச்சுக்கலாம்னு பாக்குறேன்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஏலக்காயில் நான் சம்பாதித்த முதல் சொத்து என் வாய்ச்சொல். ஒருவரிடம் பேசிய சரக்கை இன்னொருவரிடம் காட்ட மாட்டேன். நாளைக்கு விலை ஏறினாலும் காட்ட மாட்டேன். போடியில் ஏலத்துக்கு வருகிற என் லாட்டுக்குச் சாக்கைப் பிரித்துப் பார்க்காமல் விலை சொல்கிற வியாபாரிகள் உண்டென்றால் அதனால்தான்.

"சரக்கை ஒருத்தனுக்குப் பேசிட்டு இன்னொருத்தனுக்குச் சாம்பிள் காட்டுறதா? நம்ம பக்கத்து ஆளு செய்யுற காரியமா அது?"

"அவங்க எடுக்காமப் போயிட்டா?"

"போனாப் பாத்துக்கலாம். சரக்குக் கெட்டா போகும்?"

"சரக்குக்குப் பயம் கெடையாது பெரியப்பா. எனக்கு இருக்கு."

"இருக்கட்டும். பேச்சு மாறுற சோலிக்கு என் கிட்டங்கியில எடமில்லே."

அவள் படியேறிப் போய்விட்டாள்.

ஒரு வாரம் கழித்து வந்தாள். தலை குளித்து, நல்ல சேலை கட்டியிருந்தாள்.

"பெரியப்பா, அந்தக் கம்பெனியில கடைசியா ஒரு தடவை பேசணுங்கிறாங்க. கிட்டங்கி வேணும்."

"பாத்தியா! நாஞ்சொல்லலே?" என்றேன். எனக்கு மனம் பூரித்துவிட்டது. அன்றைக்குப் பார்த்து ஏல மையத்துக்குச் சாம்பிள் போயாக வேண்டும். ஆட்டோக்காரன் வாசலில் நின்று பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தான். இருந்தாலும் மெஷினை நிறுத்தினேன். வேட்டியைக் கட்டினேன். பேச்சு ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் கயிற்றின் ஒரு பக்க ஆணி பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. வேட்டி சரியத் தொடங்கியது. அவளுக்குப் பின்னால் சாக்கும், சாக்குக்கு நடுவே பேச்சியம்மாவும் தெரியப்போகிற நேரம். நான் பாய்ந்து வேட்டி முனையைப் பிடித்துக்கொண்டேன். படத்தில் விழாதபடி சுவரோரம் ஒட்டி நின்று, கையை மேலே தூக்கியபடி.

பிடித்தவனால் விட முடியவில்லை. இங்கிலீஷில் அவர்கள் கேட்டார்கள், இவள் சொன்னாள், மறுபடி கேட்டார்கள். எனக்குத் தோள் இற்று விழுகிற மாதிரி இருந்தது. மாற்றுக் கை கொடுக்கலாம் என்றால் வேட்டி ஆடும். ஆட்டோக்காரன் ஹாரன் அடிக்கப் போக, ஒருத்தி ஓடிப்போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். பேச்சியம்மாவுக்குத் தும்மல் வந்து, முந்தானையை வாயில் திணித்துக் கண்ணில் நீர் விட்டாள். அவள் அழுதது தும்மலுக்கா, சிரிப்புக்கா என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. மாடியக்காவின் குரல் ஒரு இடத்திலும் நடுங்கவில்லை. மேஜைக்குக் கீழே அவள் கட்டை விரல் மட்டும் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதை நான் ஒருத்தன்தான் பார்த்தேன்.

முடிந்ததும் என் தோளில் தைலம் தேய்க்க வீட்டுக்காரி வர வேண்டியதாயிற்று. சாம்பிள் நேரத்துக்குப் போகவில்லை. அந்த வார ஏலத்தில் என் லாட்டு இல்லை. போகட்டும்.

பத்து நாள் இருக்கும். மாடியில் சத்தமே இல்லை என்று ஏறிப் பார்த்தேன். அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்திருந்தாள்.

"அந்தக் கம்பெனி வேணாம்னு எழுதிட்டாங்க பெரியப்பா. ஆளு எடுக்கிறதையே நிறுத்திட்டாங்களாம்."

எழுதிக் கொடுத்த வேலை போய்விட்டது, வர வேண்டியதும் போய்விட்டது. நாற்பதைத் தாண்டியவள், இன்னொரு தடவை சும்மா இருந்தவள் என்று பேர் வாங்கினால் யார் கதவைத் திறப்பார்கள்? வாயில் வந்தபடி அந்தக் கம்பெனியை ஏசினேன். "வாய்ச்சொல்லுக்கு ஒரு மதிப்பு வேணாமா? கூப்புடு அவனை. நான் பேசுறேன்."

"பெரியப்பா, உக்காருங்க."

அட்டைப்பெட்டியைக் காட்டினாள். உட்கார்ந்தேன்.

"எனக்கு வேற எடம் கெடைச்சிருச்சு. அதே தொகை."

"எப்ப? யாருகிட்டப் பேசுனே?"

"நீங்க வேட்டியைப் புடிச்சுக்கிட்டு நின்னீகளே, அன்னிக்கு."

எந்தப் பேச்சுக்கு என் கிட்டங்கியில் இடமில்லை என்றேனோ, அந்தப் பேச்சுக்கு என் மெஷினை நிறுத்தி, என் வேட்டியைக் கட்டி, என் கையாலேயே பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். கீழே இறங்கினால் கிட்டங்கிப் பெண்கள் முகத்தை முறத்துக்குள் வைத்துக்கொண்டார்கள். எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.

"ஏன்டி, நீங்களும் கூட்டா?"

பேச்சியம்மாதான் தலை நிமிர்ந்தாள். "அய்யா, வாங்குறவன் மொதல்ல பேச்சு மாறுனான். சரக்கு தன்னைத் தானே காப்பாத்திக்கிருச்சு. சரக்குக்குக் காலு இருந்தா உங்க காயும் அதத்தான் செய்யும்."

இரண்டு நாள் அவளோடு நான் பேசவில்லை. மூன்றாம் நாள் பேசினேன். வேறு என்ன செய்வது? பிழைத்துவிட்டாளே. அன்றைக்கு அவள் என் பேச்சைக் கேட்டிருந்தால் என்று நினைக்கிறபோதெல்லாம் இன்றைக்கும் கை வேலையைப் போட்டுவிட்டு எழுந்துவிடுகிறேன். வாய்ச்சொல் பெரிது என்கிற என் பேச்சை இப்போதும் மாற்றிக்கொள்ளவில்லை. அது வேறு.

புது இடத்துக்குப் பெங்களூருக்கே போக வேண்டும் என்றார்கள். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். புருசனும் எஸ்டேட்டில் கணக்கு முடித்துக்கொண்டு பின்னால் போனார். பெட்டிகளில் டேப்பு உரிந்துபோயிருந்தது. வழியில் பிய்ந்துவிடும் என்று சாக்கு தைக்கிற சணலைக் கொண்டுவரச் சொல்லி, ஒவ்வொன்றையும் நானே குறுக்கே கட்டினேன். மலையில் மூட்டை கட்டப் பழகிய முடிச்சு. இரட்டைச் சுற்றுப் போட்டு, வாலை உள்ளே செருகிவிடுவேன். என் லோடு எது என்று போடிமெட்டு ஜீப்புக்காரர்கள் அந்த முடிச்சைப் பார்த்தே சொல்வார்கள்.

"அங்க போனதும் பிரிச்சுருவேல்ல?" என்றேன்.

"மொத வேலை அதான் பெரியப்பா."

போன மாதம் பேச்சியம்மா போனைக் கொண்டுவந்து நீட்டினாள். "மாடியக்கா டிவியில வருதுய்யா." டிவி இல்லை, போனில் வருகிற பேச்சு. வேலையை விட்டுவிட்டுத் திரும்ப வருகிற பெண்களுக்கு வழி சொல்கிறாள். நன்றாகத்தான் பேசினாள். எங்கே தொடங்குவது, எந்த இடத்தில் எதைக் கற்பது, எப்போது கிளம்புவது, எல்லாம் சொன்னாள். நினைத்த தொகையை வயசுக்கு முன்னாலேயே எட்டியதைச் சொன்னாள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அடுத்து ஒன்று சொன்னாள்: "தனியாத்தான் ஏறுனேன்."

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நானே போய் நிறுத்தினேன். திரும்ப அந்த இடத்தைப் போடச் சொன்னேன். தனியாத்தான் ஏறுனேன்.

"போடியைச் சொல்லலியே" என்றாள் பேச்சியம்மா. அவளுக்கும் முகம் விழுந்துவிட்டது. தும்மலை விழுங்கியவள் அல்லவா.

மூன்றாம் தடவை பார்த்தபோதுதான் கவனித்தேன். அவளுக்குப் பின்னால் இப்போது வேட்டி இல்லை. கம்ப்யூட்டரே போடுகிற பொய்ச்சுவர், பூச்செடியோடு. அவள் தண்ணீர் எடுக்கச் சாய்ந்தபோது அந்தச் சுவர் ஓரத்தில் கலைந்தது. ஓர் அட்டைப்பெட்டியின் மூலை தெரிந்தது. அதன் மேல் சணல். இரட்டைச் சுற்று, வால் உள்ளே.

தொகை வந்துவிட்டது. முடிச்சு அவிழவில்லை.

அன்றிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. எட்டின பிறகும் அவள் இன்னும் தேனி பஸ்ஸ்டாண்டில் நின்றுகொண்டிருக்கிறாள். மேலே ஏறியவளுக்கு முதல் வெட்டு என்று என் கிட்டங்கியில் கேட்டவள் அதை மறந்திருப்பாளா? தனியாக ஏறினோம் என்று நினைக்கிறவளுக்கு, வழுக்கினால் பிடிக்க ஆளில்லை என்றுதானே இருக்கும்?

அதனால் இதை அவளுக்கே சொல்கிறேன். அடுத்த தடவை நீ பேசும்போது சொல்ல வேண்டும், ஆத்தா. போடியில் ஒரு கிட்டங்கி இருந்தது, எனக்காக மெஷினை நிறுத்தினார்கள், பேச்சியம்மா தும்மலை விழுங்கினாள், என் பெரியப்பா தோள் இற்றுப்போகிற வரைக்கும் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார் என்று சொல்ல வேண்டும். யாரோடு பேச்சு என்று தெரியாமல்தான் நான் பிடித்தேன் என்பது உண்மை. பிடித்தது பிடித்ததுதான். என் பங்கு எனக்கு வர வேண்டும். அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அதற்கு முன்னால் அந்தப் பெட்டியைப் பிரி. முடிச்சை இழுக்காதே, இறுகும். வாலை வெளியே எடுத்துவிட்டுத் தளர்த்து. யார் போட்டது என்று உன் பிள்ளை கேட்டால், அதையும் சொல்.